எழுதிப் பிழைத்தவர்: முன்ஷி அப்துல்லாவின் மலாய் எழுத்து வாழ்க்கை



மலாய்மொழியில் எழுதிய இந்திய வம்சாவளியினர் என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பத்துப் பேரைப் பட்டியலிட்டு ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசிவிட்டு இறங்கலாம். அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். 1796இல் மலாக்காவில் பிறந்து 1854இல் அரபு மண்ணில் இறந்த அப்துல்லா பின் அப்துல் காதிர். முன்ஷி அப்துல்லா என்று சொன்னால் நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பாடநூல்கள் அவரை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்கின்றன. நம் மேடைகளில் அவரைத் தமிழ் வழிவந்தவர் என்று சொன்னதும் கைதட்டல் எழுகிறது. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் பட்டமும் கைதட்டலும் சேர்ந்து அந்த மனிதர் செய்த வேலையை மறைத்துவிட்டன என்பது என் எண்ணம். அப்துல்லா எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர். கடன்சீட்டு எழுதினார், குர்ஆன் படியெடுத்தார், அரசர்களுக்குப் போகும் கடிதங்களைப் பிரதி செய்தார், வெள்ளைக்காரர்களுக்கு மொழி சொல்லிக் கொடுத்தார், அச்சுக் கோத்தார், மொழிபெயர்த்தார். இந்தக் கூலி வேலைகளிலிருந்துதான் மலாய்மொழிக்கு ஒரு புதிய உரைநடை பிறந்தது. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமன் நாட்டு அரபியர். நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்துகொண்டார். பிள்ளைகள் கடல் தாண்டிக் கிழக்கே பிரிந்து போனார்கள். அதில் ஒரு கிளை மலாக்காவில் வேரூன்றியது. அப்துல்லாவின் தந்தை அப்துல் காதிர் வணிகமும் செய்தார், மலாய்க் கடிதம் எழுதுவதிலும் பெயர் வாங்கினார். பின்னாளில் மலாய் அகராதி வெளியிட்ட வில்லியம் மார்ஸ்டனுக்கு மலாய் கற்பித்தவர் தன் தந்தையே என்று அப்துல்லா பெருமையோடு எழுதுகிறார். டச்சுக்காரர்கள் மலாய்ச் சுவடிகளைத் தேடிச் சேகரிக்க அவரைத் தீவு தீவாக அனுப்பினார்கள். ஆக, மகன் பிறக்கும் முன்பே அந்த வீட்டில் மலாய்மொழி சோறு போடும் மொழியாகிவிட்டது.

பிறந்த இடம் மலாக்காவின் கம்போங் பாலி. அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் ஊர் டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது. அவருக்கு முன் பிறந்த நான்கு பிள்ளைகளும் இறந்துவிட்டார்கள். மிஞ்சிய பிள்ளை என்பதால் தாய் பொத்திப் பொத்தி வளர்த்தார். தந்தை கண்டிப்பானவர். பாட்டி ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார். ஏறக்குறைய 200 பிள்ளைகள் அவரிடம் குர்ஆன் ஓதவும், மலாய்மொழிக்கான அரபு வடிவ எழுத்தான ஜாவியைப் பழகவும் வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கே குடியேறிய நாகூர் வழிக் குடும்பத்தில் ஒரு பெண் 200 பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியை! அப்துல்லாவைக் கொண்டாடுகிறவர்கள் அந்த அம்மையாரைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்.

அந்தப் பள்ளிகளில் கொடுத்த தண்டனைகளை அப்துல்லா ஒன்றுவிடாமல் விவரிக்கிறார். விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெருக்குவது, புகை மூட்டத்தில் நிறுத்துவது, உள்ளங்காலில் பிரம்படி. எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை, அதற்கான கருவி எப்படி இருக்கும் என்று தச்சன் கணக்குச் சொல்வதுபோல் எழுதுகிறார். அதுவரை மலாயில் எழுதப்பட்ட ஹிக்காயாட் என்னும் கதைநூல்களில் அரசகுமாரன் இருப்பான், பறக்கும் குதிரை இருக்கும். அடி வாங்கிய ஒரு சிறுவனின் விரல் அந்த மொழியில் எழுத்தாக வந்தது இவரிடம்தான்.

குர்ஆன் ஓதி முடித்த பிறகு தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தமிழ் படித்தார். காரணத்தை அவரே சொல்கிறார்: மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது பாட்டன் காலத்து வழக்கம். கணக்குப் பார்க்கவும் வரவு செலவு எழுதவும் பேசவும் அது வேண்டும். ஊர் முழுக்கத் தமிழ் வணிகர்கள். தாய்மொழிப் பற்று, பண்பாட்டுப் பெருமை என்ற பேச்சே அங்கே இல்லை. தமிழ் அன்று மலாக்காவில் வியாபாரத்தின் மொழி. நம் மொழியை இப்படி ஒரு தொழிற்கருவியாக ஒருவர் குறிப்பிடுவதைப் படிக்கும்போது சிலருக்கு முகம் சுருங்கலாம். எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. கடைத்தெருவில் தேவைப்பட்ட மொழி உயிரோடு இருந்த மொழி.

அந்தக் கணக்குப் படிப்பு அவருடைய மலாய் எழுத்தில் கடைசி வரை தங்கிவிட்டது. எதைப் பார்த்தாலும் எத்தனை, என்ன விலை, யார் கொடுத்தது, எந்த அளவு என்று கேட்பார். 1807இல் ஆங்கிலேய அதிகாரி ஃபார்குவார் மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்ததை எழுதும்போது, கற்கள் பறந்த காட்சியோடு நின்றுவிடவில்லை. கோட்டைக்குள் பேய்கள் இருப்பதாக நம்பிக் கூலியாட்கள் அஞ்சியதையும், அதனால் கூலி உயர்ந்ததையும் சேர்த்து எழுதுகிறார். பேய்க்கும் கூலி விகிதத்துக்கும் உள்ள தொடர்பைக் கவனிக்கும் எழுத்தாளர் எந்த மொழிக்கும் வாய்ப்பது அரிது.

அவருடைய தன்வரலாற்றில் நான் மீண்டும் மீண்டும் படிக்கும் ஓர் இடம் உண்டு. தந்தை வெளியே போயிருக்கிறார். ஒரு நகுதா, அதாவது கப்பல் தலைவர், வீடு தேடி வருகிறார். சரக்கைக் கடனாக எடுக்க வேண்டும், அதற்குச் சீட்டு எழுதித் தர ஆள் வேண்டும். கப்பல் காத்திருக்கிறது. அப்பா இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். பையன், நான் எழுதித் தரட்டுமா என்று கேட்கிறான். எழுதுகிறான். அந்த நேரம் பார்த்துத் தந்தை வந்து நிற்கிறார். அவர் முன்னிலையில் ஒரு சொல் எழுதவும் நடுங்கிய பிள்ளை. சீட்டு நகுதாவின் கையில் இருக்கிறது. தந்தை வாங்கிப் பார்க்கிறார். மகனைப் பாராட்டி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. தாயிடம் தனியாகப் பேசும்போதுதான் அந்த மகிழ்ச்சி வெளிப்படுகிறது.

இந்தக் காட்சியில் நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சீட்டு. கடன்சீட்டில் அலங்காரத்துக்கு இடமில்லை. யார், யாருக்கு, எவ்வளவு, எப்போது திருப்புவது, சாட்சி யார். ஒரு சொல் வழுக்கினால் பணம் போகும், வழக்கு வரும். அப்துல்லாவின் முதல் வெளியீடு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இந்தச் சீட்டைத்தான் சொல்வேன். பின்னாளில் அவர் எழுதிய உரைநடையின் இறுக்கம் இங்கே தொடங்குகிறது.

அடுத்த சம்பளம் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடமிருந்து வந்தது. அவர்களுக்குக் குர்ஆனைப் படியெடுத்துக் கொடுத்தார், அவர்களிடம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். ஆசிரியர் என்று பொருள்படும் முன்ஷி என்ற பட்டத்தை வைத்ததும் அவர்கள்தான். அரசவை கொடுத்த விருது அல்ல, படைவீட்டுத் திண்ணையில் கிடைத்த பெயர். சாகும் வரை அதையே வைத்துக்கொண்டார்.

1810இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ராஃபிள்ஸ் மலாக்கா வந்தார். ஜாவாமீது படையெடுக்கும் திட்டம். சுற்றியுள்ள மலாய் அரசர்களுக்குக் கடிதங்கள் பறக்க வேண்டும். எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். அப்துல்லா அப்போது மீசை முளைக்காத வயது. ராஃபிள்ஸின் வீட்டில் யார் யார் என்னென்ன வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள் என்பதை அவர் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். ஒருவருக்குக் காட்டு இலையும் பூவும் காளானும் தேடும் வேலை, இன்னொருவருக்குப் புழு பூச்சி, இன்னொருவருக்குக் கடல் சிப்பி. சுவடிகளை இரவல் வாங்கி வந்து படியெடுக்க ஒரு கூட்டம். ராஃபிள்ஸ் ஜாவா புறப்பட்டபோது கூடவே போக ஆசைப்பட்டார். ஒற்றைப் பிள்ளையைக் கடலில் அனுப்பத் தாய் சம்மதிக்கவில்லை.

ராஃபிள்ஸ் சேர்த்த அந்தச் சுவடிகள் என்ன ஆயின? 1824இல் அவர் சுமத்ராவிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ஃபேம் என்ற கப்பல் தீப்பிடித்தது. பெட்டி பெட்டியாக ஏற்றிய மலாய் நூல்கள் எல்லாம் எரிந்து கடலில் போயின. அப்துல்லா இந்தச் செய்தியை எழுதும் இடத்தில் துக்கம் தாளாமல் தவிக்கிறார். பல நூல்களுக்கு வேறு படியே இல்லை. ஊர் ஊராகத் திரட்டிக் கொண்டுவந்து ஒரே கப்பலில் ஏற்றிவிட்டார்களே என்ற ஆற்றாமை. படியெடுப்பவருக்குத்தான் மூலம் ஒன்றே ஒன்று என்பதன் பயங்கரம் தெரியும். பிற்காலத்தில் அச்சின்மேல் அவர் வைத்த பக்தியை இந்த இழப்போடு சேர்த்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்துல்லா தனியாக வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். பினாங்கில் ஹக்கிம் லோங் ஃபக்கீர் கண்டு என்ற சூலியா (தமிழ் முஸ்லிம்) வழியினருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் இப்ராகிம், ராஃபிள்ஸின் எழுத்தர். மற்றவர் அகமது ரிஜாலுதீன். இவர் 1810இல் கல்கத்தா போய் வந்து, அடுத்த ஆண்டே வங்காளத்தைப் பற்றி மலாயில் ஒரு ஹிக்காயாட் எழுதினார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மலாக்கா நீரிணையின் இரு முனைகளிலும் மலாய் எழுத்தைத் தொழிலாகக் கொண்டிருந்தார்கள். கம்பெனிக்கும் அரசர்களுக்கும் வணிகர்களுக்கும் நடுவில் நின்ற இந்த வகுப்பைப் புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் வரிசையில் வைத்துப் பார்க்கலாம். கப்பல் வந்தது, இன்னார் இன்னது சொன்னார், சரக்கு இன்ன விலைக்குப் போனது என்று நாட்குறிப்பு எழுதியவர் அவர். பார்த்ததையும் கேட்டதையும் பதிந்துவைக்கும் அதே பழக்கம்தான். ஆனந்தரங்கர் தன் பெட்டிக்குள் வைத்துக்கொள்ள எழுதினார். அப்துல்லாவுக்கு அச்சுக்கூடம் கிடைத்தது.

அதைக் கொடுத்தவர்கள் பாதிரிமார்கள். 1815இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த மில்ன் மலாக்கா வந்தார். அவருக்கும் அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் மலாய் ஆசிரியர் அப்துல்லா. அவர்களில் ஒருவரான மெட்ஹர்ஸ்டிடம் அச்சுத் தொழிலைக் கற்றார். எழுத்து கோக்கவும், தாள் ஏற்றவும், மை பூசவும் தெரிந்த மலாய் எழுத்தாளர் அவருக்கு முன்பு யார்? பாதிரிகளோடு பழகியதால் ஊரார் அவரை அப்துல்லா பாதிரி என்றே கேலி பேசினார்கள். ஆனால் அவர் மதம் மாறவில்லை. ஐந்து வேளைத் தொழுகையோடு விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தார்.

தாம்சன் என்ற பாதிரியோடு அவருக்கு நடந்த சண்டை ஒரு தனிக் கதை. இவர் பின்னாளில் அப்துல்லாவின் நூலை ஆங்கிலமாக்கிய ஜே. டி. தாம்சன் அல்லர், அவருக்கு முந்தியவர். பாதிரி சொல்லும் மலாய் வாக்கியம் ஆங்கிலக் கட்டில் நிற்கிறது. மலாய்க்காரர் எவரும் இப்படிப் பேசமாட்டார் என்கிறார் ஆசிரியர். சம்பளம் கொடுப்பவர் ஒத்துக்கொள்ள மறுக்கிறார். கடைசியில் முதலாளி சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தப் பிழைகளுக்கு நான் பொறுப்பில்லை என்று தன்வரலாற்றில் பதிந்துவைக்கிறார். மொழிபெயர்ப்புக் கூலிக்கு உட்கார்ந்த எவருக்கும் இந்த இடம் சுடும். இதில் நான் வியப்பது அவருடைய துணிவை. அரபும் தமிழும் கலந்த குடியில் பிறந்தவர், மலாய்மொழியின் இயல்பு இது, இது இயல்பில்லை என்று தீர்ப்புச் சொல்கிறார். அந்த உரிமையை அவருக்குப் பிறப்பு கொடுக்கவில்லை. இலக்கணமும் வழக்கும் ஆராய்ந்து, வயதில் மூத்த மலாய் எழுத்தர்களிடம் கேட்டுக் கேட்டுச் சம்பாதித்துக்கொண்டது. மலாய்க்காரர்கள் தங்கள் மொழியை முறையாகப் படிப்பதில்லை என்று அவர்களையே கடிந்துகொள்ளும் அளவுக்கு அந்த உரிமை வளர்ந்தது.

1830களின் தொடக்கத்தில் செஜாரா மெலாயு என்னும் மலாய் அரசர் வரலாற்றைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தார். பின்னால் வந்த எத்தனையோ தலைமுறைகள் அந்த நூலை அறிந்துகொண்டது இவர் பதிப்பின் வழியாக. 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுபோனார். ஒரு தமிழ் நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. சென்னைக் கோட்டைக் கல்லூரிக்காகத் தாண்டவராய முதலியார் எழுதிய தமிழ்ப் பஞ்சதந்திர வசனம் 1826இல் வெளிவந்திருந்தது. வங்கக் கடலின் இரண்டு கரையிலும், ஏறக்குறைய ஒரே காலத்தில், வெள்ளைக்கார மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் கையில் இரண்டு மொழிகளின் உரைநடை உருவாகிக்கொண்டிருந்தது. தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த மலாக்கா அத்தியாயத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1838இல் அவர் கிளந்தான் போனார். அங்கே உள்நாட்டுச் சண்டை. சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கும் பணமும் மாட்டிக்கொண்டன. அரசர்களுக்கு ஆங்கிலேயர் கொடுத்த கடிதங்களைச் சுமந்துகொண்டு போனார். போய் வந்த கதையை அதே ஆண்டில் அச்சாக்கினார்கள். மலாயில் பயண நூல் என்று சொல்லத்தக்க முதல் அச்சு நூல் என அதைத் தயங்காமல் சொல்லலாம். பகாங், திரங்கானு, கிளந்தான் என்று கரையோரமாகப் போகிறார். எங்கே இறங்கினாலும் ஊரைச் சுற்றிப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். ஏன் நிலம் தரிசாகக் கிடக்கிறது? ஏன் யாரும் நல்ல வீடு கட்டவில்லை? வீடு நன்றாக இருந்தால் அரசரின் ஆட்கள் எதையாவது சொல்லிப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பதில் வருகிறது. கூலியில்லாத வேலை, அபின், இளவரசர்களின் அட்டூழியம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதிவிட்டார். அரசனைக் குறை சொல்வது தெய்வ நிந்தனைக்குச் சமம் என்று இருந்த மொழியில் இதை எழுதினார். ஒரு மலாய்க் குடியானவன் எழுதியிருந்தால் தலை தப்பியிருக்காது. ஆங்கிலேயர் கொடி பறக்கும் துறைமுகத்தில் குடியிருந்தவர் என்பதால் எழுத முடிந்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அவர்மேல் உள்ள பெரிய குற்றச்சாட்டும் இதிலிருந்துதான் வருகிறது. நாடு விடுதலை நோக்கி நகர்ந்த காலத்திலும் அதற்குப் பிறகும் மலாய் அறிவாளர்கள் பலர் அவரைக் காலனியின் கையாள் என்று எழுதினார்கள். வெள்ளைக்காரனைப் புகழ்ந்தவர், மலாய்க்காரரை இகழ்ந்தவர், மலாய்க்காரரும் அல்லர், பிறகு எப்படி எங்கள் இலக்கியத்துக்குத் தந்தை என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை வெறும் இன வெறுப்பு என்று நாம் ஒதுக்கக்கூடாது. ராஃபிள்ஸைப் பற்றி அவர் எழுதியதில் புகழ்ச்சி அளவு மீறித்தான் இருக்கிறது. சிங்கப்பூர் எப்படி ஆங்கிலேயர் கைக்குப் போனது என்பதில் இருந்த சூழ்ச்சியை அவர் பார்த்தும் உரக்கச் சொல்லவில்லை. கம்பெனியின் வசூலையும் அபின் வணிகத்தையும் கிளந்தான் அரசரை அளந்த அதே கோலால் அளக்கவில்லை.

ஆனால் இதே மனிதர் தன் சிறுவயதில் ஆங்கிலக் கப்பல்காரர்கள் குடித்துவிட்டு மலாக்காத் தெருவில் வெறியாட்டம் ஆடியதையும், ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த பழைய எழுத்துப் பொறித்த பாறையை 1843இல் ஆங்கிலேயப் பொறியாளர் உடைத்துத் தகர்த்தபோது, அறிவில்லாத செயல் என்று கோபப்பட்டார். எந்த மொழி என்றே இன்றுவரை முடிவு தெரியாத கல்வெட்டு அது. எழுத்தை அழிப்பவன் எந்த நிறத்தவனாக இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அரசர்களைப் பற்றிய அவருடைய கோபத்தையும் நான் வணிகக் குடும்பத்துக் கோபமாகத்தான் படிக்கிறேன். உழைத்தவன் பொருள் அவன் கையில் நிற்க வேண்டும். சீட்டில் எழுதியது நடக்க வேண்டும். அந்த உறுதி கிடைக்காத ஊர் கெட்ட ஊர். ஆங்கிலேயர் அதைக் கொடுத்ததாக அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் ஓட்டை இருந்தது. கோபத்தில் ஓட்டை இல்லை.

இப்போது அவருடைய தன்வரலாறான ஹிக்காயாட் அப்துல்லாவுக்கு வருகிறேன். 1840இல் மலாக்காவில் அவர் மனைவி பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார். அதற்கு முன்பே ஓர் அருமை மகளைப் பறிகொடுத்திருந்தார். வீட்டை விட்டுச் சிங்கப்பூருக்கே வந்து சேர்ந்தார். ஆல்ஃபிரட் நார்த் என்ற அமெரிக்கப் பாதிரி, உன் வாழ்க்கையை எழுது என்று தூண்டியிருந்தார். அந்த ஆண்டில் தொடங்கி 1843இல் முடித்தார். 1849இல் கல்லச்சில் வந்தது. கையெழுத்தின் அழகு கெடாமல், வண்ண அலங்காரத்தோடு, கீஸ்பரி என்ற பாதிரியின் உதவியில் அச்சான புத்தகம். படியெடுப்பவரின் கையும் அச்சுக்காரரின் இயந்திரமும் ஒன்று சேர்ந்த பொருள் அது.

நான் என்று தொடங்கி ஒருவர் தன் பிறப்பு, படிப்பு, சம்பளம், சண்டை, துக்கம் எல்லாவற்றையும் மலாயில் நூலாக எழுதியது அதுவரை நடக்காத காரியம். சிங்கப்பூரின் தொடக்க ஆண்டுகளை நாம் கண்ணால் காண்பது இவர் எழுத்தில்தான். எலிகள் பூனையையே எதிர்த்த காலம் அது. ஒரு செத்த எலிக்கு இவ்வளவு காசு என்று ஃபார்குவார் அறிவித்ததும், ஜனங்கள் எலிகளோடு வந்து நின்றதும், எலி ஒழிந்தபின் பூரானுக்கும் அதே ஏற்பாடு நடந்ததும் அதில் உண்டு. கடற்கரையில் கொள்ளையர் கொன்றவர்களின் மண்டை ஓடுகள் உருண்டு கிடந்ததும் உண்டு. நீராவிக் கப்பலை ஏறிப் பார்த்து அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1840களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரர் காட்டிய நிழற்படக் கருவியையும் விவரிக்கிறார். பெட்டி எப்படி இருந்தது, தகட்டை எப்படித் தேய்த்தார்கள், ஊரின் உருவம் அதில் எப்படி விழுந்தது என்று படிப்படியாகச் சொல்கிறார். அந்தப் பொருளுக்கு மலாயில் பெயரே கிடையாது. பெயர் இல்லாத ஒரு பொருளை, அதைப் பார்க்காதவர்கள் கண்ணிலும் நிற்கும்படி எழுதியதில்தான் அவர் உரைநடையின் திறம் தெரிகிறது. அபாரமான பக்கங்கள் அவை.

அறிஞர் அமீன் ஸ்வீனி அப்துல்லாவின் எழுத்துகள் முழுவதையும் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். முதல் தொகுதி 2005இல் வந்தது. அதற்கு முன்பு பலரும் பள்ளிக்கூடச் சுருக்கப் பதிப்பையோ 1955இல் ஹில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பையோ வைத்துக்கொண்டுதான் அவரை ஏசினார்கள் அல்லது ஏற்றினார்கள். மேடைகளில் பேசும் நம்மவர்கள் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

அப்துல்லாவுக்குப் பிறகு இந்த மரபு நின்றுவிடவில்லை. அவர் மகன் முகமது இப்ராகிம் முன்ஷி ஜோகூர் அரசில் பெரிய பொறுப்புகளில் இருந்தார், அவரும் பயணக் குறிப்புகள் எழுதினார். 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜாவி பெரானக்கான் என்ற மலாய்ச் செய்தித்தாளை நடத்தியவர்கள், இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த குடியினர். நம் காலத்தில் தைப்பிங்கில் பிறந்த உதயசங்கர் எஸ். பி. தம் கதைகளில் சிறு கம்பம் என்று ஒரு தமிழ்ப் பேர் கொண்ட ஊரையே மலாய்மொழிக்குள் கட்டியிருக்கிறார். சரோஜா தேவி பாலகிருஷ்ணன் சிறுகதைகள் எழுதினார். இவர்களுக்கும் அப்துல்லாவுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு. அப்துல்லாவின் காலத்தில் மலாய், துறைமுகங்களுக்கெல்லாம் பொதுவான மொழி. இவர்கள் காலத்தில் அது தேசிய மொழி, அதே சமயம் ஓர் இனத்தின் அடையாளம். நீ எங்களுக்காக எழுதுகிறாயா, அவர்களுக்காக எழுதுகிறாயா என்று இருபக்கமும் கேட்கிறார்கள். தமிழில் எழுதாதவர் என்று நம் சங்கங்கள் இவர்களைத் தள்ளி நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். 200 ஆண்டுக்கு முந்தியவரை உறவு கொண்டாடிவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் புத்தகத்தை வாங்காமல் இருப்பது எந்த வகை நியாயம்?

1854இன் தொடக்கத்தில் அப்துல்லா மக்காவுக்குக் கப்பல் ஏறினார். குமரிமுனையைக் கடக்கும்போது புயல். அலையின் உயரத்தைச் சொல்லச் சொல் கிடைக்காமல் இறைவனைக் கூவுகிறார். கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் கரை இறங்கி, வழக்கம்போல் கடைத்தெருவைப் பார்த்து எழுதுகிறார். அரபு மண்ணைத் தொட்ட பின் அதே ஆண்டில் இறந்தார். உடன் சென்றவர்கள் அந்தக் கையெழுத்துப் படியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கீஸ்பரி தன் இதழான செர்மின் மாத்தாவில் அச்சிட்டார். பாதியில் நின்ற பயணக்கதை. நின்ற இடம் வரை நுணுக்கம் குறையவில்லை.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அப்துல்லா எழுதியது ஜாவி எழுத்தில். நம் பல்கலைக்கழகங்களில் தமிழ் பயிலும் மாணவர்களில் ஜாவி படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆண்டுக்கு ஒரே ஒரு தமிழ் மாணவருக்கு ஜாவி எழுத்தும் பழைய மலாயும் கற்க உதவித்தொகை கொடுங்கள். அந்த மாணவர் முதல் வேலையாகக் கிளந்தான் பயணத்தை மூலத்திலிருந்து நேராகத் தமிழில் கொண்டுவரட்டும். சிறிய நூல்தான், ஓராண்டில் முடிக்கலாம். அடுத்தவர் ஹிக்காயாட் பஞ்சதந்திரத்தை எடுத்துத் தமிழ்ப் பதிப்புகளோடு வரி வரியாக ஒப்பிடட்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மலாய்த் துறையிலிருந்து ஓர் ஆசிரியரை அழைத்துக்கொள்ளுங்கள், அவருக்குரிய ஊதியத்தைக் கொடுத்தே அழையுங்கள்.